வகுப்புத் தோழனைப் பேட்டி எடுத்தா இங்கிலீஷ் வருமா? கடலூர், பாண்டிக்காரங்க சொல்லுங்க

மஞ்சக்குப்பம் டீச்சர்:
சாயங்காலத்தில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் வருகிறவர்கள். முக்கால்வாசி தமிழ் மீடியம். இப்போது பாதி நேரம் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து ஒருவரை ஒருவர் பேட்டி எடுக்கச் சொல்கிறேன். முடிந்ததும் எழுந்து, தன் ஜோடியைப் பற்றி வகுப்புக்குச் சொல்ல வேண்டும். ஒரு பையனின் அப்பா வந்து, "ஃபீஸ் கட்டறது உங்ககிட்ட கத்துக்க, பக்கத்து பெஞ்சுப் புள்ளகிட்ட இல்ல" என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். நான் நிறுத்தப் போவதில்லை. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் உண்டா என்று பேச வேண்டும்.

பாகூர் அப்பா:
அவரு கேட்டது நூத்துக்கு நூறு நியாயம்ங்க மேடம். என் பொண்ணு போற கிளாஸ்லயும் இதே கதைதான். "வேர் யூ ஆர் ஸ்டேயிங்?"னு இவ கேக்கறா, "ஐ யாம் ஸ்டேயிங் இன் பாகூர்"னு பக்கத்துப் புள்ள சொல்லுது. "வேர் ஆர் யூ"ன்னு கேக்கணும், கேள்வியே தப்புன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. நாளைக்கு பாண்டியில ஒரு ஹோட்டல் ரிசப்ஷன்ல நின்னு வெளிநாட்டுக்காரர்கிட்ட இதையே பேசினா வேலை நிலைக்குமா? தப்பா பழகின வாயைத் திருப்பறது, புதுசா பழக்கறதைவிடக் கஷ்டம்.

ஓ.டி. (கடலூர் ஓல்ட் டவுன்) வாசி:
நான் ஆள் எடுக்கற வேலையில இருக்கேன். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னு கேட்டா எல்லாரும் கடகடன்னு ஒப்பிக்கறாங்க. அதுல இருந்தே ஒண்ணைப் புடிச்சு அடுத்த கேள்வி கேட்டா அப்படியே நின்னு போறாங்க. "வாலிபால் ஆடுவேன்னு சொன்னீங்களே, யார் கத்துக் குடுத்தாங்க?" இவ்வளவுதான் கேள்வி. மனப்பாடம் பண்ணினவனுக்கு அதுக்குப் பதில் கிடையாது. "வேர் யூ ஆர் ஸ்டேயிங்"னு கேக்கறவனை நான் எடுத்துடுவேன் பாகூர் அண்ணே. வாயைத் திறக்காதவனை எடுக்க வழியே இல்ல.

பாகூர் அப்பா:
நீங்க எடுப்பீங்க தம்பி. எல்லாரும் எடுக்க மாட்டாங்க.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
இந்த வாதம் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு திட்டம் நடத்தினார். செயல்வழியில், அதாவது ஒரு வேலையைக் கொடுத்து அதைச் செய்யும்போதே, மொழி கற்பிப்பது பற்றி எழுதுபவர்கள் இன்றும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. அவரே குழுவாகப் பேசவைப்பதைத் தன் வகுப்பில் சேர்க்கவில்லை. மாணவனின் அரைகுறை மொழியை இன்னொரு மாணவன் கேட்டுக்கொண்டே இருந்தால் அதுவே இறுகிவிடும், ஆசிரியர் பேசும் மொழிதான் காதில் விழ வேண்டும் என்பது அவர் எண்ணம். நம் ஊரில் இது இன்னும் மோசம். எல்லோருக்கும் தாய்மொழி தமிழ், ஆகையால் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். தப்பாகப் பேசினாலும் எதிரில் இருப்பவனுக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்துவிட்டால் திருத்திக்கொள்ள வேண்டிய அவசியம் எங்கிருந்து வரும்?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
ஐயா, பிரபு தேடியது இலக்கணம் தானாக உள்ளே படிகிற வழியை. என் பிள்ளைகளிடம் இலக்கணம் ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது, வாயில்தான் இல்லை. கனடாவில் பல வருடம் பிரெஞ்சிலேயே பாடம் படித்த பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் என்ற மொழி ஆய்வாளர் ஆராய்ந்து 1985இல் எழுதினார்: கேட்டால் நன்றாகப் புரிந்தது, பேச்சில் தடுமாற்றம் தீரவில்லை. காதில் விழுந்தது மட்டும் போதவில்லை. அதே ஆண்டு லாங், போர்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: மாணவர்கள் தங்களுக்குள் பேசும்போது பேச்சு கூடுகிறது, தப்பு கூடுவதில்லை.

கணக்கும் பாருங்கள். நாற்பது பேர், ஒரு மணி நேரம். நான் ஒவ்வொருவராகப் பேசவைத்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிஷம். ஜோடியாக உட்கார்ந்தால் ஒரே நேரத்தில் இருபது வாய் பேசுகிறது.

இன்னொன்று, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒண்ணாம் வகுப்பிலிருந்து நம் பிள்ளை பதில்தான் சொல்லியிருக்கிறது. கேள்வி கேட்பது வாத்தியார் வேலை. அதனால்தான் 'டூ', 'டஸ்', 'டிட்' மூன்றும் அவர்கள் வாயில் வருவதே இல்லை. பேட்டியில் கேட்டே ஆக வேண்டும். பிறகு ஜோடியைப் பற்றிச் சொல்லும்போது 'ஐ ஒர்க்' என்பது 'ஷீ ஒர்க்ஸ்' ஆக வேண்டும். வருடக்கணக்கில் போர்டில் எழுதிப் போட்டும் ஒட்டாத அந்த 'எஸ்' அங்கேதான் ஒட்டுகிறது.

போன வாரம் பண்ருட்டிப் பக்கத்துப் பெண்ணும் தேவனாம்பட்டினம் பையனும் ஜோடி. அவள் அம்மா முந்திரி உடைக்கப் போகிறவர். "ஷீ புட் ஆஷ் இன் ஹேண்ட்" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. கடலோரப் பையன், முந்திரி உடைப்பதைப் பார்த்ததே இல்லை. "வை ஆஷ்?" என்றான். "ஷெல் ஹேவ் ஆயில்." "ஸோ?" "ஆயில் பர்ன்... ஹேண்ட் ஸ்கின் கோ." அவன் விடவில்லை: "எவ்ரி டே ஷீ கோ?" நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அவன் எழுந்து வகுப்புக்குச் சொல்லும்போது "ஹெர் மதர் புட்ஸ் ஆஷ் ஆன் ஹெர் ஹேண்ட்ஸ், பிகாஸ் தி ஆயில் பர்ன்ஸ்" என்றான். "புட்" என்று தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து "புட்ஸ்" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். 'பர்ன்ஸ்' அவனாகவே சொன்னது. ஒரே தமிழ்தான் ஐயா இருவருக்கும். ஆனால் ஒருத்திக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்ததால் கேள்வி வந்தது.

பி.காம். செகண்ட் இயர்:
டீச்சர் சொல்றது ஓகே. ஆனா உண்மையைச் சொல்றேன், டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போனதும் நாங்க தமிழுக்கு வந்துடுவோம். கேள்வி எழுதின பேப்பரைப் பார்த்து பதிலையும் எழுதி வெச்சுடுவோம். அது பேசறது இல்ல.

ஓ.டி. வாசி:
அப்போ மூணு மூணு பேரா உக்காருங்க. மூணாவது ஆள் பேசக் கூடாது, கவனிக்கணும். போன்ல ரெகார்ட் போட்டு நடுவுல வைக்கட்டும். கேள்வித்தாள்ல முதல் மூணு கேள்விக்கு மேல எழுதக் கூடாது. மிச்சம் பதில்ல இருந்துதான் வரணும்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
முந்திரிக் கதை நல்ல சான்று, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். மற்ற பத்தொன்பது ஜோடிகள் என்ன பேசின என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் நீங்களே ஒரு மாணவனை எல்லோர் முன்பும் பேட்டி எடுத்துக் காட்டுங்கள். சரியான கேள்வி காதில் விழட்டும். அது இல்லாமல் ஜோடி சேர்ப்பதை நான் ஒப்பமாட்டேன்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
முதல் பத்து நிமிஷம் அப்படிச் செய்கிறேன் ஐயா. மூன்று பேர் யோசனையும் நல்லது, திங்கட்கிழமையே வைத்துப் பார்க்கிறேன். தப்பை நடுவில் நிறுத்தித் திருத்தமாட்டேன். கடைசியில் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி, அவர்களையே திருத்தச் சொல்வேன்.

பாகூர் அப்பா:
ரெகார்டிங் எல்லாத்தையும் நீங்க கேப்பீங்களா மேடம்?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
எல்லாவற்றையும் முடியாது. ஒரு நாளைக்கு நாலைந்து கேட்பேன், எது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன். உங்கள் பெண் வகுப்பிலும் ஒரு ரெகார்டிங் கேட்டுவாங்கி, இன்றைக்கு ஒன்றும் அடுத்த மாதம் ஒன்றும் வைத்துக் கேளுங்கள் சார். தப்பை எண்ணுங்கள், எத்தனை கேள்வி கேட்டாள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.