கந்தகமுனை நைட்ரோசோ ஏற்றம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நைட்ரிக் ஆக்சைடு, புரதத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுவோடு இணைகிற வினைக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்ற கேள்விக்கு வந்த விடைகளுள், ‘தழைவளியேற்றம்’, ‘நைட்ரஜனேற்றம்’ ஆகிய இரண்டுக்கும் ஆதரவு மிகுந்திருக்கிறது. இரண்டும் பொருந்தாதவை என்பது என் கருத்து. சென்னையில் தமிழ்வழியில் தாவரவியல் பயிலும் இளநிலை மாணவர்களுக்காக நான் எழுதிவரும் பாடக்குறிப்பில் ‘கந்தகமுனை நைட்ரோசோ ஏற்றம்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

நைட்ரிக் ஆக்சைடுக்குத் ‘தழைவளி’ என்ற பெயரைப் பரிந்துரைத்த அம்மையாரின் தமிழுணர்வை மதிக்கிறேன். ஆயினும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் தமிழ்நாட்டு உழவர்களிடம் உரத்தின் பெயர்களாக வேரூன்றிவிட்ட சொற்கள். தழை என்று கேட்டதும் அவர்கள் நினைவுக்கு வருவது யூரியா. நெல் வயலில் தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் குலைநோய் கூடும் என்பது வேளாண் அலுவலர்கள் ஆண்டுதோறும் சொல்லிவரும் எச்சரிக்கை. அப்படியிருக்க, ‘தழைவளி பயிரின் நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது’ என்ற ஒரு வரியைத் திருவள்ளூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் பயிர் இதழில் படித்தால் எவ்வாறு புரிந்துகொள்வார் என்று எண்ணிப் பாருங்கள். சொல் அழகாக இருப்பதற்காக இந்த இடரை நாம் விலைக்கு வாங்கக் கூடாது. வாயுவின் பெயர் நைட்ரிக் ஆக்சைடு என்றே இருக்கட்டும். பள்ளி வேதியியலிலேயே மாணவர் அறிந்த பெயர் அது.

‘நைட்ரஜனேற்றம்’ வேறு வகையில் தவறுகிறது. ஹைட்ரஜனேற்றத்தில் ஹைட்ரஜன் ஏறுகிறது. இங்கோ நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒவ்வோர் அணுவாகச் சேர்ந்த தொகுதி ஏறுகிறது. கரிம வேதியியலில் அதன் பெயர் நைட்ரோசோ தொகுதி. இந்த நுட்பம் தேவையா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தேவை என்பதற்குத் தாவரமே சான்று. நோய்க்கிருமி தாக்கிய செல்லில் நைட்ரிக் ஆக்சைடோடு, சூப்பராக்சைடு என்ற வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவமும் பெருகுகிறது. இவ்விரண்டும் வினைபுரிந்து உண்டாகும் பெராக்சிநைட்ரைட்டின் வழியாக, டைரோசின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தின் மேல், ஆக்சிஜன் அணு ஒன்று கூடுதலாக உள்ள நைட்ரோ தொகுதி ஏறிக்கொள்கிறது. இதற்கு ‘நைட்ரோ ஏற்றம்’ என்ற சொல் நம் பாடநூல்களில் ஏற்கெனவே உண்டு. ஒரே செல்லில், ஒரே வேளையில், வெவ்வேறு இடங்களில் நிகழும் இரு வினைகளையும் ‘நைட்ரஜனேற்றம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிட்டால், ஆய்வுக் கட்டுரையைத் தமிழில் சுருக்கி எழுதவே இயலாது போகும். ‘நைட்ரோ ஏற்றம்’, ‘நைட்ரோசோ ஏற்றம்’ என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது.

அடுத்தது, பாஸ்பேட் தொகுதி ஏறுவதைக் குறிக்கும் ‘பாஸ்பரிகரணம்’ என்ற வழக்கைப் பின்பற்றி ‘நைட்ரோசிகரணம்’ எனலாமே என்ற வாதம். ‘ஏற்றம்’ என்ற பின்னொட்டை நான் விடாது பற்றுவது, அதற்கு எதிராக ‘நீக்கம்’ என்ற இணை உடனே கிடைக்கிறது என்பதால்தான். தாவர நோயெதிர்ப்பில் ஏறுவதற்கு எவ்வளவு பொருள் உண்டோ, அவ்வளவு பொருள் நீங்குவதற்கும் உண்டு. 1998-இல் சோயா செல்களிலும் புகையிலையிலும் நடந்த ஆய்வுகள், நைட்ரிக் ஆக்சைடு நோயெதிர்ப்புக்கான சமிக்ஞையாகத் தாவரங்களிலும் செயற்படுகிறது என்று காட்டின. விலங்குகளில் இதய, இரத்தநாள மண்டலத்தின் சமிக்ஞையாக அது செயற்படுவதைக் கண்டறிந்தமைக்கு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் 2005-இல், ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் வெளிவந்த முடிவு பலரையும் சிந்திக்க வைத்திருக்கும்: நைட்ரோசோ தொகுதியைச் சுமக்கும் சிறு மூலக்கூறான நைட்ரோசோ குளூட்டாதயோனைச் சிதைக்கும் நொதி இல்லாத செடிகளில் நைட்ரோசோ ஏறிய சேர்மங்கள் மிகுந்தன, நோயெதிர்ப்போ குன்றியது, அந்நொதி மிகுந்த செடிகளில் எதிர்ப்பு வலுத்தது. ஏற்றிக்கொண்டே போனால் செடி காக்கப்படுவதில்லை.

புரதத்தின் அளவில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. என்பிஆர்1 என்ற புரதம், செல்லின் சைட்டோபிளாசத்தில் பல அலகுகள் பிணைந்த திரளாக இருக்கிறது. நோயெதிர்ப்புச் சமிக்ஞையான சாலிசிலிக் அமிலம் பெருகும்போது தயோரெடாக்சின் என்ற மற்றொரு புரதம் அப்பிணைப்பை அவிழ்க்க, தனி அலகுகள் உட்கருவுக்குள் சென்று பாதுகாப்பு மரபணுக்களை இயக்குகின்றன. அதன் 156-ஆவது சிஸ்டீனில் நைட்ரோசோ ஏறினால் அலகுகள் மீண்டும் திரளும் என்று 2008-இல் காட்டினார்கள். சூப்பராக்சைடு போன்ற ஆக்சிஜன் தனியுறுப்புகளை உண்டாக்கும் ஆர்பிஓஎச்டி என்ற நொதியின் 890-ஆவது சிஸ்டீனில் ஏறினால், அந்நொதி தன் வேலையைக் குறைக்கிறது. அதனால் நோய் தாக்கிய இடத்தில் செல்கள் தாமாகவே மடிவது ஒரு வரம்போடு நிற்கிறது. 2011-இல் வெளியான இந்த ஆய்வைத் தமிழில் விளக்க, ‘ஏற்றம்’, ‘நீக்கம்’ என்ற இரண்டும் ஒரே வாக்கியத்தில் இயல்பாக வந்தமர வேண்டும். ‘கரணம்’ என்று தொடங்கினால் எதிர்வினைக்கு வேறோர் இடத்திலிருந்து சொல் தேட வேண்டியிருக்கும். ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்கு அத்தொகுதி செல்வதை ‘நைட்ரோசோ கைமாற்றம்’ எனலாம்.

‘கந்தகமுனை’ என்ற அடை ஏன் என்றும் கேட்டிருந்தார்கள். ‘கந்தக நைட்ரோசோ ஏற்றம்’ என்று மட்டும் எழுதினால் கந்தகமும் சேர்ந்து ஏறுவதாகப் படிப்பவர் மயங்கக்கூடும். ‘முனை’ என்றதும், சிஸ்டீனின் பக்கத்தொடர் முடிகிற இடத்தில் இவ்வினை நிகழ்கிறது என்பது விளங்குகிறது. முதல் முறை முழுப் பெயரையும், பின்னர் ‘நைட்ரோசோ ஏற்றம்’ என்ற சுருக்கத்தையும் ஆளலாம்.

சமிக்ஞை என்ற சொல்லை மாற்ற வேண்டும் என்போரோடு நான் வாதிடவில்லை. மாணவர்க்குப் பழகிய சொல், இருக்கட்டும். வறட்சி, உவர், வெள்ளம் முதலியவற்றால் பயிர் படும் பாட்டிற்கு மட்டும், இயற்பியலில் வேறு பொருளில் நிலைத்துவிட்ட ‘தகைவு’ வேண்டாம். ‘நெருக்கடி’ என்பதே தெளிவு. நீரில் மூழ்கிய வேரில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் தேங்கி, ஹீமோகுளோபின் வகைப் புரதமொன்றைப் பெருக்கி, அதன் மூலம் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்து, ஆக்சிஜன் குறைவைத் தாங்கச் செடியை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துகிறது என்பதை ‘வெள்ள நெருக்கடி’ என்ற தலைப்பின்கீழ் எழுதினால், சென்னை மாணவர் எவருக்கும் தலைப்பை விளக்க வேண்டியிராது.

இலங்கை அன்பர்களிடம் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. நீங்கள் நைதரசன் என்று எழுதுகிறீர்கள். ஆகவே ‘நைதரோசோ ஏற்றம்’ என்றே எழுதுவீர்கள் என எண்ணுகிறேன். முன்னொட்டின் எழுத்துக்கூட்டல் இருவகையாக இருந்தாலும் ‘ஏற்றம்’, ‘நீக்கம்’, ‘கைமாற்றம்’ ஆகிய மூன்றையும் இரு நாட்டிலும் ஒன்றாக ஆள உங்களுக்கு உடன்பாடா? தடை ஏதேனும் இருப்பின், பாடக்குறிப்பு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.