நாயகி வெளியேறியதும் நாவல் நின்றுவிட்டது

நான் எழுதும் நாவலின் முதல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதி நகரவில்லை. நாயகியே ‘நான்’ என்று தன்மையில் சொல்லும் கதை. கணவன் அடிப்பதைவிட அதிகம் செய்வது கண்காணிப்பு: சம்பளத்தை வாங்கிக்கொள்வான், கைப்பேசியைச் சோதிப்பான், தோழிகளை ஒவ்வொருவராக விலக்குவான். பிரியும் காலமே மிக ஆபத்தானது என்பதால் ரகசியமாகத் திட்டமிட்டுக் கிளம்புகிறாள். அதுவரை பக்கங்கள் ஓடுகின்றன. தனி அறைக்கு வந்தபின், என்ன சாப்பிடுவது என்றுகூட முடிவெடுக்க முடியாமல் நிற்கிறாள். நானும்தான்.

புதிய காதலனைக் கொண்டுவந்தேன், மீட்பனாகிவிட்டான், நீக்கினேன். படர்க்கைக்கு மாற்றினேன், குரல் செத்தது. நிஜத்தில் பலர் திரும்பிப்போவதுண்டு என்பதால் அவளையும் திருப்பி அனுப்பினேன். முதல் பாதியே மறுபடி வந்தது!

கணவன் இல்லாத பக்கங்களில், அவள் தன்னைக் கண்டடைவதை எந்த மாதிரிச் சம்பவத்திலிருந்து தொடங்கலாம்?