கேரேஜுல கார் தூக்க எந்த லிப்ட்? டூ போஸ்ட் (ரெண்டு தூண்), சிசர் (கத்திரி மாதிரி விரிஞ்சு எழும்பற மேடை), ஃபோர் போஸ்ட் (நாலு தூண்) போட்டவங்க சொல்லுங்க

சத்துவாச்சாரி:
லிப்ட் பாக்கறதுக்கு முன்னாடி தரையைப் பாருங்க. நாலு டன் டூ போஸ்டுக்கு ஆறு அங்குலம் எம்25 தரம் (கான்கிரீட்டோட பலத்தைச் சொல்ற அளவு) கான்கிரீட் இருக்கணும், ஊத்தி 28 நாள் ஆகி இறுகியிருக்கணும். பழைய ஷெட்டுல பல இடத்துல மேல ரெண்டு அங்குலம்தான் சிமெண்ட், கீழ வெறும் ஜல்லி மண்ணு. ஒரு மூலையில ஓட்டை போட்டா தெரிஞ்சுடும். தளம் பத்தலைன்னா தூண் நிக்கிற இடத்தை மட்டும் 4க்கு 4 அடி, ஒரு அடி ஆழம் வெட்டி, கம்பி கட்டி ஊத்துங்க.

தூணைத் தரையோட பிடிக்கிற போல்ட் ஓட்டையில தங்கற தூசிதான் பெரிய வில்லங்கம். டிரில் பண்ணதும் மாவு மாதிரி அடியில படியும். ஏர் விட்டு ஊதி, பிரஷ் போட்டு, திரும்பவும் ஊதணும். விட்டுட்டா ஆங்கர் (கான்கிரீட்டுக்குள்ள இறுகிப் பிடிக்கிற போல்ட்) பிடிக்காம சும்மா சுத்தும். அப்படி ஒரு போல்ட் சுத்தினாலும் அதுல வண்டி ஏத்தாதீங்க, கீழ நிக்கிறது நம்ம பசங்க. ஒரு வாரம் கழிச்சு எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டற ஸ்பேனர்) வெச்சுப் பாருங்க.

ராணிப்பேட்டை:
கூரை உயரத்தையும் அளந்துக்கங்க. பொலேரோ உயரமே ஆறு அடிக்கு மேல. அதை ஆறு அடி தூக்கினா 12 அடி ஆச்சு. தகர ஷீட் அதுக்குக் கீழ இருந்தா, மேல குறுக்குக் கம்பி இல்லாம தரையில பிளேட் வர்ற மாடல் வாங்கினாலும் முழு உயரம் ஏத்த முடியாது.

கரண்ட் விஷயம்: த்ரீ ஃபேஸ் இருந்தா அதுலயே போடுங்க. கத்திரி வெயில்ல வோல்டேஜ் இறங்கினா சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமும், தூக்காது. விடாம ஸ்விட்ச் அழுத்தினா கெப்பாசிட்டர் போயிடும். வண்டி லாக்குல (கீழ இறங்காம தாங்கற கொக்கி) உக்காந்திருக்கும்போது கரண்ட் போனா இறக்கவும் முடியாது. லாக் விடுபட முதல்ல ஒரு ரெண்டு அங்குலம் மேல தூக்கியாகணும். ஜெனரேட்டர் இருந்தா மோட்டாருக்கும் சேர்த்து லைன் இழுத்துடுங்க.

ஆற்காடு:
டயர், பிரேக் வேலை மட்டும்னா சிசர் போதும், இடமும் மிச்சம். கியர்பாக்ஸ் இறக்கணும்னா சிசர் வேணாம், நடுவுல அதோட மேடையே மறிக்கும். வீல் அலைன்மென்ட்டுக்கு ஃபோர் போஸ்ட்.

டூ போஸ்ட்ல ஒண்ணு மறக்காதீங்க: கியர்பாக்ஸ் கழட்டினதும் எடை மாறி வண்டி ஒரு பக்கம் சாயப் பாக்கும். கழட்டறதுக்கு முன்னாடியே உயரமான ஸ்டாண்டை அடியில முட்டுக் குடுத்துடணும். பொலேரோ மாதிரி சேஸிஸ் (தனி அடிச்சட்டம்) வண்டிக்கு ஆர்ம் (வண்டியைத் தாங்கற லிப்ட் கை) மேல உயர அடாப்டர் வேணும், இல்லன்னா ஆர்ம் சேஸிஸைத் தொடறதுக்கு முன்னாடி ஃபுட் போர்டை நசுக்கிடும்.