சேலம் கருப்பு ஆட்டுக்குத் தாது உப்பு: கட்டி போதுமா, தூள் வேணுமா?

ஓமலூர்ப் பட்டி:

வணக்கங்க. சேலம் கருப்பு வெள்ளாடு 18 உருப்படி, அதே கொட்டகையில் மேச்சேரி செம்மறி 6. பகலில் அஞ்சாறு மணி நேரம் மேய்ச்சல்: கருவேல், வேம்பு, கிளுவை, கரட்டுப் புல். சாயந்தரம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சற கிழங்குச் சக்கையான திப்பியும் கொஞ்சம் தவிடும். கிழங்கு வெட்டும் காலத்தில் குச்சிக்கிழங்குத் தழையும் உண்டு.

பிரச்சினை என்னன்னா, கருகருன்னு இருந்த முடி செம்பட்டையா மாறுது. சுவரை நக்குது, மண்ணைத் தின்னுது, ஒண்ணோட முடியை இன்னொண்ணு கடிக்குது. தாது உப்புக் கட்டி ரெண்டு தொங்க விட்டிருக்கு. ரெண்டு பெரிய ஆடு மட்டும்தான் நக்குது, மத்தது திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை.

முடி வெளுத்தா தாமிரக் குறைன்னு சொல்லி, மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தண்ணியில் கலந்து விடச் சொல்றாங்க. செய்யலாமா? ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்குத் தாது உப்பு எத்தனை கிராம்? மாட்டுக்கு விற்கிறதையே போடலாமா?

கால்நடை மருத்துவர், ஆத்தூர்:

மயில்துத்தத்தைத் தொடவே வேண்டாம். உங்களிடம் செம்மறியும் இருப்பதால் இதை முதலில் சொல்கிறேன், காரணம் கீழே.

தாது உப்புக்கு முன்னால் குடற்புழு. கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்சதை இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறி, காகிதம் மாதிரி இருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட ஆடு மண் தின்னும், முடி மங்கும், எவ்வளவு தாது உப்பு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. நாலைந்து ஆடுகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனி பாலிதீன் பையில், ஆட்டுக்குப் பத்துப் புழுக்கை வீதம் எடுத்து, அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள். புழு முட்டை இருந்தால் மருந்து கொடுத்துவிட்டுத் தாது உப்பை ஆரம்பிக்கலாம்.

அடுத்தது உங்கள் தீவனம். திப்பி பெரும்பாலும் மாவுச்சத்துதான். புரதமும் தாதுவும் மிகக் குறைவு. கருவேல், வேம்பு போன்ற மரத்தழையில் கால்சியம் தாராளம், பாஸ்பரஸ் குறைவு. மண், சுவர், எலும்பு, பழந்துணி என்று வாய் வைப்பது பெரும்பாலும் பாஸ்பரஸ் பசிதான். இதற்குச் சிலர் சுண்ணாம்புத் தூள் போடுகிறார்கள். தழை தின்னும் ஆட்டுக்கு அதனால் பயனில்லை, உபத்திரவம் உண்டு. கால்சியம் கூடினால் துத்தநாகம் குடலில் ஏறாது. முழங்கால், மூக்கு, காது ஓரங்களில் தோல் தடித்துச் செதிள் விடும். சேலத்து வெள்ளைக்கல்லை இடித்துப் போடுவது இன்னும் வீண். அது மாக்னசைட், அதில் இருப்பது கால்சியமே அல்ல.

கட்டியைப் பொறுத்தவரை, உறையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பாஸ்பரஸ் என்ற பெயரே இல்லை என்றால் அது நிறம் போட்ட உப்பு, அவ்வளவுதான். சிவப்பு நிறம் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. உடம்பில் அது ஏறுவது மிகக் குறைவு.

தூளுக்குக் கணக்கு இது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 1664 அளவுப்படி, உப்பு சேராத தாதுக் கலவையில் குறைந்தபட்சம் கால்சியம் 20 சதம், பாஸ்பரஸ் 12, மக்னீசியம் 5, துத்தநாகம் 0.8, தாமிரம் 0.1, அயோடின் 0.026 சதம் இருக்க வேண்டும். மாட்டுக்கு விற்கும் கலவை இந்த அளவில் இருந்தால் வெள்ளாட்டுக்கும் அதுவே போதும். தானுவாஸ் (தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்) கலவை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம். பால் மறந்த குட்டிக்கு 5 கிராம். சினையின் கடைசி ஒன்றரை மாதமும் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் காலமும் 15 கிராம் வரை போகலாம், இரட்டைக் குட்டி என்றால் கட்டாயம். தலை தட்டிய தேக்கரண்டி கிட்டத்தட்ட 5 கிராம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு நிறுவனத் தூளும் ஒரு கனம் என்பதால், மளிகைக் கடைத் தராசில் உங்கள் கரண்டியை ஒரு தடவை நிறுத்துவிடுங்கள்.

இனி செம்மறி. 10 கிராம் கலவையில் தாமிரம் 10 மில்லிகிராம். ஒரு நாளைக்குத் தின்னும், ஈரம் போகக் கணக்கிட்ட ஒரு கிலோ தீவனத்திலேயே 5 முதல் 10 மில்லிகிராம் வந்துவிடுகிறது. வெள்ளாடு தீவனம் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தாங்கும். செம்மறிக்கு எல்லை 15. அதனால் மேச்சேரிக்கு 5 கிராமோடு நிறுத்துங்கள். இந்தக் கணக்கின் மேல் மயில்துத்தமும் போனால் ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வண்டியில் ஏற்றியதோ தடுப்பூசி போட்டதோ, ஏதாவது ஒரு அலைச்சலில் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சள், மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறம், ஓரிரு நாளில் சாவு.

முடி செம்பட்டை ஆவது தாமிரக் குறையாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வெயில், புழு, புரதக் குறைவு மூன்றும் அதே நிறத்தைத்தான் கொடுக்கும். தாமிரக் குறை முற்றினால் பிறந்த குட்டி பின்னங்காலை இழுக்கும், எழுந்து நிற்காது. அந்த மாதிரி இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தனியாகத் தாமிரம்.

தீவனக்காரர், வாழப்பாடி:

டாக்டர் சொன்னது சரிங்க. ஆனா 10 கிராமை ஒரு ஆட்டு வயித்துக்குள்ள எப்படிக் கொண்டுபோறதுங்கறதுலதான் எல்லாரும் தோக்கறாங்க. தொட்டியில் தூவிவிட்டா தவிடு போயிரும், தூள் அடியில தங்கிரும். பெரிய ஆடு முட்டித் தள்ளிட்டு ரெண்டு பங்கு தின்னும், ஓரத்து ஆட்டுக்கு ஒண்ணும் கிடைக்காது. கட்டியிலயும் உங்களுக்கு நடக்கறது இதேதான்.

100 கிலோவுக்கு இப்படிக் கலக்குங்க: உடைச்ச மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 22, உளுந்து இல்லேன்னா துவரைப் பொட்டு 20, தாது உப்பு 2, சமையல் உப்பு 1. தாது உப்பையும் உப்பையும் நேரா குவியல்ல கொட்டாதீங்க. முதல்ல அஞ்சு கிலோ தவிட்டோட சேர்த்து நல்லாப் புரட்டி, அப்புறம் அதைக் குவியல் மேல பரப்பி மூணு தடவை வெட்டிப் புரட்டணும்.

இதுல ஒரு ஆட்டுக்கு 250 கிராம் போட்டா தாது உப்பு 5 கிராம்தான் போகும். தீவனப் பையில "தாது உப்பு சேர்த்தது"ன்னு இருக்குன்னு நிம்மதியா இருந்துடறாங்க, பாதிதான் போயிருக்குன்னு தெரியறதில்லை. மீதி 5 கிராமைப் போடும்போது மேல தூவி, கை நனைச்சுத் தண்ணி தெளிச்சுப் பிசறிக் கொடுங்க. பிசறினாத்தான் தூள் ஒட்டும். தொட்டி நீளம் ஆட்டுக்கு ஒரு அடிக்குக் குறையக் கூடாது. செம்மறி ஆறையும் தனியா அடைச்சு வைங்க, அதுங்களுக்கு இந்தத் தீவனத்துல இருக்கறதே போதும், மேல தூவ வேண்டாம்.

புது வாசனைன்னா வெள்ளாடு மூக்கைச் சுளிக்கும். முதல் ரெண்டு நாள் 2, 3 கிராம், அப்புறம் ஒரு வாரத்துல முழு அளவுக்கு வாங்க. கடலைப் புண்ணாக்குத் தூளோட கலந்தா வாசனை மறைஞ்சிரும்.

கட்டியே வேணாம்னு சொல்ல மாட்டேன். பகல்ல மேயற ஆட்டுக்கு உப்புப் பசி இருக்கும், சும்மா தொங்கட்டும். வீட்டுலயே செய்யலாம்: சமையல் உப்பு 4 கிலோ, தாது உப்பு 4 கிலோ, தவிடு 1 கிலோ, சிமெண்ட் 1 கிலோ. சிமெண்ட்டைத் தனியா இட்லி மாவு பதத்துக்குக் கரைச்சு, மத்ததை உலர்வா கலந்து, அப்புறம் ரெண்டையும் சேர்த்துப் பிசையணும். கையில பிடிச்சா உருண்டை நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. அடியில பாலிதீன் விரிச்ச டப்பாவுல இறுக்கி அடைச்சு, நடுவுல ஒரு குச்சி சொருகி ஓட்டை விடுங்க. நிழல்லயே ஒரு வாரம் காயணும். வெயில்ல வச்சா மேல வெடிச்சு உள்ளே பொதபொதன்னு நிக்கும். அப்படி நின்னா நக்காது, கடிச்சே தின்னுரும், அப்புறம் கழிச்சல்தான். ஆட்டு மூக்கு உயரத்துல, மழை படாத இடத்துல, பத்து ஆட்டுக்கு ஒண்ணு வீதம் தள்ளித் தள்ளிக் கட்டுங்க.

ஏற்காடு தோட்டம்:

மலையில் ஆடு வைத்திருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். சேர்வராயன் மலையில் மழை அதிகம், மண்ணில் இருக்கும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் கரைந்து ஓடிவிடும். புல் பச்சையாக இருக்கும், சத்து அந்த அளவுக்கு இருக்காது. இங்கே தாது உப்பு ஆண்டு முழுக்கத் தேவை.

ஆனால் காப்பித் தோட்டத்துக்குள் மேய விடுவதாக இருந்தால் எச்சரிக்கை. இலைத்துரு நோய்க்கு மழைக்கு முன்னும் பின்னும் போர்டோ கலவை அடிக்கிறோம். அது மயில்துத்தமும் சுண்ணாம்பும். தெளிக்கும்போது வழிந்து செடிக்கு அடியில் இருக்கும் புல்லில் நீலம் பாரிக்கும். செம்மறியை அந்தப் பக்கமே விடாதீர்கள், வெள்ளாட்டையும் நல்ல மழை இரண்டு மூன்று பெய்து கழுவிய பிறகு விடுங்கள்.

இன்னொன்று, தோல் உரிந்தால் உடனே துத்தநாகக் குறை என்று முடிவு கட்ட வேண்டாம். மலையடிவாரத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. வறட்சியில் வேறு தழை இல்லாமல் அதைத் தின்ற ஆட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் படும் காது, மூக்குத் தோல் புண்ணாகும். கண் மஞ்சளாகும். துத்தநாகக் குறையில் கண் மஞ்சளாகாது.

தூளை ஈரத்தில் வைக்காதீர்கள். இங்கே பனியில் திறந்த பை பத்து நாளில் கட்டி தட்டிவிடும், அயோடினும் பறந்துவிடும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பா, இரண்டு மூன்று மாதத்துக்கான அளவு, அதற்கு மேல் வாங்க வேண்டாம்.

ஓமலூர்ப் பட்டி:

ரொம்ப நன்றிங்க. இமையைப் பார்த்தேன், அஞ்சாறு வெளுப்பாத்தான் இருக்கு. புழுக்கை எடுத்துட்டுப் போறேன். ரெண்டு சந்தேகம். குச்சிக்கிழங்குத் தழையை நிறுத்தணுமா? ரெண்டு குட்டிக்குத் தொண்டையில மெத்துன்னு கட்டி இருக்கு. அப்புறம், காயடிச்ச கிடா நாலு, கொங்கணாபுரம் சந்தைக்காகத் தனியா கட்டி மக்காச்சோளமும் தவிடும் கொடுத்துட்டிருக்கேன். அதுக்கும் இதே 10 கிராமா?

கால்நடை மருத்துவர், ஆத்தூர்:

தழையை நிறுத்த வேண்டாம், நல்ல புரதம் அது. பச்சையாக வெட்டிப் போடுவதை நிறுத்துங்கள். ஒரு பகல் வெயிலில் பரப்பி நன்றாக வாட விட்டால் சயனைடு நஞ்சு பெரும்பகுதி போய்விடும். மிச்சம் இருப்பதை ஈரல் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது அயோடின் தைராய்டுக்குள் போவதைத் தடுக்கும். அதனால் கிழங்குத் தழை தின்னும் சினை ஆட்டுக்கு அயோடின் தேவை கூடும். சமையல் உப்பிலேயே அயோடின் இருக்கிறதே என்று கேட்பார்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் உள்ள உப்பில் 8 கிராம் தின்றால் கிடைப்பது 0.12 மில்லிகிராம். தாதுக் கலவை 10 கிராமில் 2.6 மில்லிகிராம். எதை நம்ப வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

குட்டித் தொண்டைக் கட்டி வேறு. நன்றாகப் பால் குடிக்கும் ஒன்று முதல் நாலு மாதக் குட்டிக்குத் தாடைக்குச் சற்றுக் கீழே மெத்தென்று வீங்குவது பெரும்பாலும் இயல்பு, வளர வளரத் தானே வற்றும். கீறவோ ஊசி போடவோ கூடாது. அயோடின் குறை என்றால் பிறக்கும்போதே கட்டி இருக்கும், குட்டி முடியில்லாமல், தெம்பில்லாமல், சில சமயம் செத்தே பிறக்கும்.

கிடாவுக்கு இதே கணக்கு இல்லை. அங்கே நிலைமை தலைகீழ். தவிட்டிலும் மக்காச்சோளத்திலும் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு. தீவனம் மொத்தத்தில் கால்சியம் 2 பங்கு, பாஸ்பரஸ் 1 பங்கு என்று வர வேண்டும். இல்லையென்றால் மூத்திரக் கல். ஆகவே தவிட்டைக் குறைத்து, தழையைக் கூட்டி, அடர்தீவனத்தில் (மக்காச்சோளமும் தவிடும் சேர்ந்த கலவை) தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூள் 1 சதம் சேருங்கள். தழை தின்னும் ஆட்டுக்கு வேண்டாம் என்று மேலே சொன்ன அதே சுண்ணாம்பு இங்கே மருந்து. தாதுக் கலவை 5 கிராம் போதும். உப்பு 1 சதம் கட்டாயம், தண்ணீர் குடிக்க வைப்பது அதுதான். தொட்டித் தண்ணீர் பாசி பிடித்திருந்தால் கிடா குடிக்காது, தினமும் மாற்றுங்கள். ஏற்கெனவே ஒரு கிடாவுக்குக் கல் வந்திருந்தால், மற்றவற்றுக்கு அடர்தீவனம் கிலோவுக்கு 5 முதல் 10 கிராம் அம்மோனியம் குளோரைடு, உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சேர்க்கலாம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் வாங்கும் நவச்சாரம் வேண்டாம், கலப்படம் இருக்கும். அடுத்த முறை காயடிப்பதை மூன்று மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே அடித்தால் மூத்திரக் குழாய் குறுகலாகவே நின்றுவிடும்.

தினமும் கிடாவின் குறி நுனி முடியைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று மணல் ஒட்டியிருந்தால் கல் ஆரம்பித்துவிட்டது. முக்கி முக்கி நின்று, வாலை ஆட்டிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட்டால் மலச்சிக்கல் என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். நுனியில் அடைத்த கல்லை எடுத்துவிட முடியும், மூத்திரப் பை வெடித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

தீவனக்காரர், வாழப்பாடி:

ஒண்ணு விட்டுப்போச்சு. தீவனத்துல என்ன இருக்குன்னு தெரியாம யூகத்துல ஓட்ட வேண்டியதில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவன ஆய்வகம் இருக்கு. கலந்த தீவனத்துல அஞ்சாறு இடத்துல கைப்பிடி எடுத்து, ஒண்ணாக் கலந்து, அதுல அரைக் கிலோவைக் காத்துப் புகாம கட்டிக் கொண்டுபோங்க. கால்சியம், பாஸ்பரஸ் ரெண்டும் பார்க்கணும்னு எழுதிக் கொடுங்க, சொல்லலைன்னா புரதமும் நாரும் மட்டும் பார்த்து அனுப்பிருவாங்க. திப்பியைத் தனி மாதிரியா கொடுங்க.