மறு: ‘ஆல்டர்னேட்டிவ்ஸ் சர்ச்’ – தமிழில் எது நிற்கும்?

குழுவினருக்கு வணக்கம். விலங்கை வைத்து ஆய்வு தொடங்கும் முன், அதற்கு மாற்று உண்டா என்று முந்தைய கட்டுரைகளில் தேடிப் பார்ப்பதுதான் ‘ஆல்டர்னேட்டிவ்ஸ் சர்ச்’. நம் கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘விலங்கில்லா ஆய்வுத் தேடல்’ என்றே வைத்துவிடலாம். படித்தவுடன் புரிகிறது.

ஓசூர் அண்ணா, புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. விலங்காய்வை மனிதநேயத்தோடு செய்வது பற்றி 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற அறிவியலாளர்கள் சொன்னவை மூன்று: ரீப்ளேஸ்மென்ட், ரிடக்‌ஷன், ரிஃபைன்மென்ட். தேடுவதும் இந்த மூன்றுக்காகத்தான். எலிக்குப் பதில் செல்வளர்ப்பில், அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில், செய்ய முடியுமா? எலிதான் வேண்டும் என்றால் இன்னும் குறைந்த எண்ணிக்கை போதுமா? அந்த எலிகளுக்கு எந்த வலிநிவாரணி, எப்படிப்பட்ட கூண்டு, எந்தக் கட்டத்தில் சோதனையை நிறுத்திவிட வேண்டும்? ‘விலங்கில்லா’ என்று பெயர் வைத்தால் முதல் கேள்வி மட்டும்தான் மிஞ்சும். மாணவர் ‘விலங்கில்லாமல் முடியாது’ என்று ஒரே வரி எழுதி மூடிவிடுவார்.

இன்னொரு சிக்கல், நம்மூர்ச் சிக்கல். ஜப்பானில் பட்டுப்புழுவுக்குத் தொற்று ஏற்றி நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சோதிக்கிறார்கள். லைசோசின் ஈ என்ற நுண்ணுயிர்க்கொல்லி அப்படிக் கண்டெடுத்ததுதான். எலிக்குப் பதில் புழு என்பதால் அதையும் மாற்றுவழியாகவே கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் பள்ளிப் பாடத்தின்படி பட்டுப்புழுவும் விலங்குதானே! தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுவரும் விவசாயியிடம் போய் ‘இது விலங்கில்லா ஆய்வு’ என்றால் சிரித்துவிடுவார்.

> லிட்ரேச்சர் சர்ச் = இலக்கியத் தேடல். இலங்கையில் ‘இலக்கிய மீளாய்வு’ வழக்கில் இருக்கிறதே.

முந்தைய ஆய்வுக் கட்டுரைகளைப் பார்ப்பதற்கு அங்கே ஊன்றிவிட்ட சொல், குறை சொல்லவில்லை. இங்கே ‘இலக்கியத் தேடல்’ என்றால் குறுந்தொகையில் எலி எங்கே வருகிறது என்று தேடப் போய்விடுவார்கள். நம் ஆய்வேடுகளில் ‘ஆய்வு முன்னோடிகள்’ என்றொரு இயல் இருக்கும், அது பழகிய சொல். நமக்கு நீளம் வேண்டாம், ‘தேடல்’ மட்டும் போதும். எங்கே தேடுவது என்பதை விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தச் சொல் யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவில் ஆய்வாளர்கள், கால்நடை மருத்துவர் தவிர, சமூக அக்கறையுள்ள உறுப்பினர் என்று வெளியாள் ஒருவரும் உட்காருகிறார். விலங்கு ஏன் தேவை, எத்தனை தேவை, இதே மாதிரி ஆய்வு முன்பு நடந்ததா என்று விண்ணப்பப் படிவம் கேட்கிறது. பதில் சரியா என்று அவரும் கேட்க வேண்டுமானால் கேள்வி தமிழில் புரிய வேண்டும்.

அப்புறம், தேடலே எளிதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மருந்தியல் படிக்கும் ஒரு பிள்ளை ஆவாரம்பூச் சாற்றை எடுத்து, ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசியால் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்குக் கொடுக்க நினைக்கிறது என்று வையுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ‘ஆல்டர்னேட்டிவ்’ என்று தட்டினால் மாற்று மருத்துவக் கட்டுரைகள் வந்து கொட்டும். வேண்டியது வராது, ஏனென்றால் செல்வளர்ப்பில் வேலை செய்கிறவர் ‘இது எலிக்கு மாற்று’ என்று எழுதிக்கொண்டிருப்பதில்லை. ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் (மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி) தடுப்பு, எல்6 (ஆய்வகத்தில் வளர்க்கும்) தசைச் செல்கள் என்று முறையின் பெயரால் தேட வேண்டும். செடிக்கும் இரண்டு பெயர். பழைய கட்டுரைகளில் காசியா ஆரிக்குலேட்டா, இப்போது சென்னா ஆரிக்குலேட்டா. ஒன்றை விட்டால் பல கட்டுரைகள் தப்பிவிடும். இரண்டையும் போட்டால், ஆவாரையை எலிக்குக் கொடுத்துப் பார்த்த கட்டுரைகள் ஏற்கெனவே வரிசையாக நிற்பது தெரியும். அதையே திரும்பச் செய்யாமல் விட்டால் அத்தனை எலிகள் மிச்சம். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி, எந்த ஆண்டு முதல், என்ன சொற்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் தேடினாரா, தேடியதாகச் சொன்னாரா என்று குழுவுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே என் முன்மொழிவு: மாற்றுவழித் தேடல். உள்ளே, அந்த மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் வரிசையாகப் பதிலீடு, குறைப்பு, துன்பத்தணிப்பு. மூன்றாவதைச் ‘செம்மையாக்கம்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் கருவியைச் செம்மையாக்கினாலும் அதே சொல். எலியின் வலி அதில் தெரியவில்லை.

– தருமபுரியிலிருந்து

---

தம்பி, ‘விலங்கில்லா’வை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘மாற்றுவழி’ என்றதும் தொப்பூர்க் கணவாயில் வண்டியைத் திருப்பிவிடும் பலகைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. ‘விலங்காய்வு மாற்றுவழித் தேடல்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்க்கலாமே? ‘துன்பத்தணிப்பு’ நன்றாக இருக்கிறது. ‘வலித்தணிப்பு’ என்று யாரும் சுருக்கிவிடக் கூடாது. கூண்டில் தனியே கிடக்கும் எலிக்கு வலி இருக்காது, துன்பம் இருக்கும்.

– ஓசூர்

---

சரி அண்ணா. தலைப்பில் முழுப்பெயர், உள்ளே வரும் இடங்களில் ‘மாற்றுவழித் தேடல்’. மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று கையேட்டு வரைவில் ஏற்றிவிடுகிறேன். விலங்கின் துன்பம் மிகாமல் சோதனையை நிறுத்த வேண்டிய கட்டமான ‘ஹ்யூமேன் எண்ட்பாயிண்ட்’டுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘கருணை முடிவு’ மட்டும் வேண்டாம், கருணைக்கொலையோடு குழம்பும்.