பார்சிலோனாவில் போராட்ட வாரம்: பகலில் சுற்றுலா, ராத்திரியில் புகை

2019 அக்டோபர் 14, திங்கள்கிழமை. பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட, ஸ்பெயினின் காத்தலோனியா பகுதி தனிநாடு கேட்டு 2017-இல் நடந்த வாக்கெடுப்பையொட்டிய வழக்கில், ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறை என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். அன்று மாலைதான் நானும் கணவரும் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து பார்சிலோனாவில் போய் இறங்கினோம். விமானம் ஏறும் முன்பே செய்தியைப் பார்த்துவிட்டோம். “அது கோர்ட்டு விஷயம், நமக்கென்ன?” என்றார் இவர்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆயிரக்கணக்கில் ஜனம். ‘விமான நிலையத்துக்கு வாருங்கள்’ என்று டெலிகிராமில் அழைப்பு போயிருக்கிறது. மெட்ரோ இல்லை, ரயில் இல்லை, டாக்ஸியும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் அன்று ரத்து. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பக்கம் பெட்டியை இழுத்தபடி பயணிகள் ஊரை நோக்கி, எதிர்ப்பக்கம் கொடி போர்த்திய பிள்ளைகள் விமான நிலையத்தை நோக்கி. அப்படி எதிரே வந்த ஒரு பையன் என் பெட்டியின் உடைந்த சக்கரத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் அவனே திரும்பித் தூக்கி வந்தான். வழியெல்லாம் மன்னிப்பு வேறு கேட்டான். எனக்குக் கோபமும் வந்தது, அவனிடம் அதைக் காட்டவும் முடியவில்லை.

நாங்கள் தங்கியது எய்ஷாம்ப்ளா பகுதியில். கட்டம் போட்ட மாதிரி தெருக்கள், ஒவ்வொரு முக்கிலும் மூலை வெட்டிய கட்டடங்கள். 19-ஆம் நூற்றாண்டில் செர்தா என்ற பொறியாளர் வகுத்த அமைப்பு. வரைபடத்தில் பார்க்க அழகுதான். அந்த வாரம் தெரிந்துகொண்டது வேறு: தெருவோரம் நிற்கும் பெரிய பிளாஸ்டிக் குப்பைத் தொட்டிகளை நடுச்சாலைக்கு உருட்டினால் நிமிஷத்தில் தடுப்பு ரெடி, தீ வைத்தால் போலீஸ் வண்டி நுழையாது. ஒரு தெருவை மறித்தால் கூட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

செவ்வாய் இரவு பாசேச் தெ கிராசியாவில் எரிந்தது. கட்டடக் கலைஞர் கௌடி வடிவமைத்த காசா பாத்யோ, காசா மிலா என்ற வீடுகள் இருக்கும் அதே சாலை. ஹெலிகாப்டர் இரைச்சல் தலைக்கு மேலேயே. பிளாஸ்டிக் எரியும் நாற்றம் ஜன்னலை மூடினாலும் உள்ளே வந்தது. எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரு வயதான அம்மா வாளி வாளியாகத் தண்ணீரைக் கீழே ஊற்றினார். கீழே சில சுற்றுலாப் பயணிகள் நெருப்புக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுத்தார்கள். அந்தக் காட்சிதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் பக்கத்திலேயே கருகிக்கொண்டிருந்தது.

காலையில் இறங்கிப் போனால் சாலையைக் கழுவிவிட்டிருந்தார்கள். உருகிய பிளாஸ்டிக்கின் கறுப்புத் தடம் மட்டும் தார்ச்சாலையில். பேக்கரி திறந்திருந்தது, கௌடியின் பூங்காவான பார்க் குவெல்லில் வழக்கமான வரிசை, பழைய நகரமான காத்திக் பகுதிச் சந்துகளில் வழக்கமான நெரிசல். பெரும்பாலும் இப்படித்தான் போனது: பகலில் ஊர்வலம், இருட்டினால் தகராறு. அப்புறம் நாங்கள் ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடிக்கப் பழகினோம். ஒன்பது மணிக்கு மேல்தான் சாப்பாட்டுக்கே உட்காருகிற ஊரில் அது லேசான காரியம் இல்லை.

எல்லோரும் தனிநாடு கேட்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணின் பெற்றோர் தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். “இரண்டு பக்கமும் எனக்குச் சலித்துவிட்டது” என்றார். ஆனால் சிறைத் தண்டனை அதிகம் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை. (2021-இல் அந்த ஒன்பது பேருக்கும் அரசே மன்னிப்பு வழங்கியது.)

வெள்ளிக்கிழமை பொது வேலைநிறுத்தம். அன்றுதான் எங்களுக்கு சாக்ரடா ஃபமிலியா டிக்கெட். போராட்டக்காரர்கள் வாசலை மறித்ததால் தேவாலயத்தையே மூடிவிட்டார்கள். சரி என்று கூட்டம் போகும் திசையில் நடந்தோம். பிக், பெர்கா, ஜிரோனா போன்ற ஊர்களிலிருந்து புதன்கிழமையே நடக்கத் தொடங்கியவர்கள் நகருக்குள் வந்துகொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தை, ஊன்றுகோலோடு தாத்தா, முதுகில் தனிநாடு கேட்பவர்களின் நட்சத்திரக் கொடி. 5,25,000 பேர் என்று நகரப் போலீசே கணக்குச் சொன்னது. அந்தக் கூட்டத்தில் எங்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, தீர்ப்பை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். தப்பித்து வர நேரமாயிற்று.

அதே இரவு உர்கினாவோனா சதுக்கத்தில் நடந்தது அந்த வாரத்திலேயே மோசமான சண்டை. கல், பட்டாசு, கண்ணீர்ப்புகை, ரப்பர் குண்டு. காத்தலோனியாவின் சொந்தப் போலீஸான மொசோஸ் முதல்முறையாகத் தண்ணீர் பீரங்கி வண்டியை இறக்கியது. நாங்கள் இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பியிருந்தோம், டிவியில்தான் பார்த்தோம்.

இப்போது இப்படிப்பட்ட ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டுத் தவிப்பவர்களுக்கு: உள்ளூர் சானலையும் நகரப் போக்குவரத்தின் எக்ஸ் (முன்பு ட்விட்டர்) பக்கத்தையும் பாருங்கள். பெரிய ஊர்வலம் எந்தச் சாலை, எத்தனை மணி என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். அரசு அலுவலகத்துக்கும் போலீஸ் தலைமையகத்துக்கும் பக்கத்தில் அறை எடுக்காதீர்கள். மறுமுறை போனால் நான் அந்தச் சாலைப் பக்கம் இல்லாமல், கிராசியா என்ற குடியிருப்புப் பகுதிக்கு மேலேதான் தங்குவேன்.

திரும்பும் நாளில் மெட்ரோ ஒழுங்காக ஓடியது. இருந்தாலும் இவர் நம்பாமல் விடிவதற்கு முன்பே கிளப்பிவிட்டார். விமான நிலையம் காலியாகக் கிடந்தது. கலவரம் என்று சொன்னால் அங்கே காபி விலை ஒன்றுதான்.