ஆசிட் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது எச்.பைலோரி நெகட்டிவ்: நம்பலாமா?

நெல்லிக்கனி:
எண்டோஸ்கோபியில் எடுத்த திசுவில் "நாள்பட்ட இரைப்பை அழற்சி, ஆக்டிவ்" என்று ரிப்போர்ட். எச்.பைலோரி (இரைப்பையில் வாழும் பாக்டீரியா) இருக்கிறதா என்று அந்தத் திசுவில் அப்போதே செய்த யூரியேஸ் டெஸ்ட் நெகட்டிவ். ஆசிட்டைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை மாசக்கணக்கில் ஓடுகிறது, நிறுத்தவில்லை. கிருமி இல்லையென்றால் அழற்சி எதனால்? கிருமி அழற்சியை உண்டாக்குகிறதா, ஏற்கெனவே கெட்டுப்போன இடத்தில் வந்து ஒட்டுகிறதா?

திசுக்கண்ணாடி:
கிருமிதான் முதலில். ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் 1984-ல் தன் இரைப்பை நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு கிருமியைக் குடித்தார். சில நாளில் அழற்சி வந்துவிட்டது. யூரியேஸ் நொதியால் யூரியாவை அம்மோனியாவாக்கி, சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் புகுந்துவிடும். வெள்ளணுக்கள் வந்து குவிந்தும் அதை விரட்ட முடிவதில்லை, அதனால்தான் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

"ஆக்டிவ்" என்றால் நியூட்ரோஃபில்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) இருக்கின்றன என்று பொருள். நாள்பட்ட அழற்சியோடு அதுவும் இருந்தால் முதல் சந்தேகம் எச்.பைலோரி மேல்தான். பான்டோப்ரசோல் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கும். மிச்சமிருப்பது கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தை விட்டு மேலே நகர்ந்துவிடும். ஆன்ட்ரத்தில் மட்டும் துணுக்கு எடுத்தால் தப்பிவிடும். ஆன்ட்ரத்தில் 2, இரைப்பையின் நடு உடலில் 2, இரண்டுக்கும் இடையிலுள்ள வளைவில் 1 எடுத்தார்களா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

மருந்துச்சீட்டு:
இந்த நெகட்டிவை நெகட்டிவாக எடுக்காதீர்கள். மூச்சு டெஸ்டோ மல ஆன்டிஜென் டெஸ்டோ செய்யுங்கள். அதற்கு முன் பான்டோப்ரசோலை 2 வாரம், ஆன்டிபயாடிக், பிஸ்மத் (வயிற்றுக்குக் கொடுக்கும் ஒரு மருந்து) இரண்டையும் 4 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். இடையில் எரிச்சல் வந்தால் ஆன்டாசிட் ஜெல் போதும். ஆனால் அல்சரில் ரத்தம் கசிந்தவர்களும் ஆஸ்பிரின் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பாசிட்டிவ் என்றால் வழக்கமாக 14 நாள், நான்கு மருந்து: ஆசிட் மாத்திரை இருவேளை சாப்பாட்டுக்கு அரைமணி முன், பிஸ்மத், டெட்ராசைக்ளின் 500 மி.கி. நான்கு வேளை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. மூன்று அல்லது நான்கு வேளை. பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: வாய் கசக்கிறது, மலம் கறுக்கிறது என்று பயந்து பாதியில் விட்டுவிடுவது. கறுப்பு பிஸ்மத்தால் வருவது. தார் போலப் பிசுபிசுத்தால் மட்டும் உடனே காட்டுங்கள். டெட்ராசைக்ளினைப் பாலோடோ, கால்சியம், இரும்பு மாத்திரையோடோ போட்டால் உடம்பில் சேராது.

நெல்லிக்கனி:
ரத்த டெஸ்ட் போதாதா? எதையும் நிறுத்த வேண்டியதில்லையே.

மருந்துச்சீட்டு:
அது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் காட்டும். கிருமி ஒழிந்த பின்னும் நீண்ட காலம் பாசிட்டிவாகவே வரும். குணமானதா என்று பார்க்க அதை நம்பவே முடியாது. ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரமாவது கழித்து, பான்டோப்ரசோலை 2 வாரம் நிறுத்திவிட்டு, மூச்சு டெஸ்ட்.

திசுக்கண்ணாடி:
ஒரு திருத்தம்: எல்லா அழற்சியும் எச்.பைலோரி இல்லை. நடு உடலில் மட்டும் அழற்சி, கூடவே பி12 குறைவு என்றால் ஆட்டோஇம்யூன் வகையா (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையைத் தாக்குவது) என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் "அட்ரோஃபி" (இரைப்பைச் சுரப்பிகள் தேய்வது), "இன்டெஸ்டினல் மெட்டாப்ளேசியா" (இரைப்பை உள்தோல் குடலின் உள்தோல் போல மாறுவது) இருக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் கிருமி போன பிறகும் எண்டோஸ்கோபி கண்காணிப்பு தேவையா என்று கேட்க வேண்டும். இன்னொன்று, சிகிச்சைக்குப் பின் நியூட்ரோஃபில்கள் சீக்கிரம் மறையும், லிம்ஃபோசைட்டுகள் (இன்னொரு வகை வெள்ளணுக்கள்) ஒரு வருஷத்துக்கு மேலும் தங்கலாம். அதனால் அடுத்த திசுப் பரிசோதனையில் "நாள்பட்ட அழற்சி, ஆக்டிவ் இல்லை" என்று வந்தால், மருந்து தோற்றுவிட்டது என்று இரண்டாவது கோர்ஸ் தொடங்க வேண்டாம்.